தண்ணீருக்குள் ஓடிய மூன்று மோட்டார்கள்

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள், பொருளாதாரப் பேராசிரியர் எழுதிய கட்டுரையை அரசாங்கம் அப்படியே ஏற்றுக்கொண்டது. பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் நாளிதழின் ஆறாம் பக்கத்தில் எழுதி வருகிறவர் அவர். அதில் ஒரு வரியைக்கூட எந்த அரசாங்கமும் காதில் போட்டுக்கொண்டது கிடையாது. அதனால் அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள்ளேயே மூன்று முறை செருப்பைத் தேடினார், காலில் போட்டுக்கொண்டே.

கல்லூரியில் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'புள்ளிவிவரம்'. மணி என்ன என்று கேட்டால்கூட, போன வருடம் இதே நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வாராம். அந்தப் பெயர் கல்லூரி வாசலைத் தாண்டி, பால்காரர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவர் மேசையில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்றில் ஆளும் கட்சிக்காரர்களின் பேச்சு, மற்றதில் எதிர்க்கட்சிக்காரர்களின் பேச்சு, தேதி போட்டு வெட்டி ஒட்டியவை. நாலு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில், அன்றைக்கு ஆண்டவர்கள் நிவாரணம் கொடுத்தார்கள். 'ஏழையின் கண்ணீரைத் துடைத்தோம்' என்று மார்தட்டினார்கள். எதிரே இருந்தவர்கள், 'மக்கள் பணத்தில் ஓட்டு வாங்குகிறார்கள்' என்று வெளிநடப்புச் செய்தார்கள். இடையில் தேர்தல் வந்தது. இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். இந்த வெள்ளத்தில் பேச்சும் இடம் மாறிவிட்டது. கண்ணீரைத் துடைத்தவர்கள் ஓட்டு வியாபாரம் என்றார்கள். ஓட்டு வியாபாரம் என்றவர்கள் கண்ணீரைத் துடைத்தார்கள். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்த பேராசிரியருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் மனசிலிருந்து பேசுவதில்லை, பேசவேண்டியதை நாற்காலிக்கு அடியில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள், யார் வந்து உட்கார்ந்தாலும் குனிந்து பார்த்துப் படிக்கவேண்டியதுதான் என்று எழுதினார்.

எழுதிவிட்டு அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. ஒரு யோசனையும் சொன்னார். போன தடவை வீதிவீதியாகப் பட்டியல் எடுத்தது கட்சிக்காரர்கள். மூன்று மாடி வீட்டுக்காரர், ஊரிலேயே இல்லாதவர், போய்ச் சேர்ந்து ஆறு வருடமானவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் இல்லை. இந்தத் தடவை ஆள் வேண்டாம், மின்சார மீட்டரைப் பாருங்கள் என்றார் அவர். தண்ணீர் புகுந்த வீட்டில் விளக்கு எரியாது, மின்விசிறி சுற்றாது. வழக்கமாகச் செலவாகிற மின்சாரத்தில் பாதிகூட அந்த மாதம் ஆகவில்லை என்றால் அது பாதிக்கப்பட்ட வீடு. மின்வாரியத்தின் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் தயார். மனு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், பணம் நேராக வங்கிக்குப் போய்விடும். கடைசி வரியாக, 'மீட்டருக்குக் கட்சி கிடையாது' என்று முடித்தார்.

அந்த ஒரு வரி அமைச்சருக்குப் பிடித்துப்போய்விட்டது. மறுவாரம் அது சுவரொட்டியாக வந்தது. கீழே பேராசிரியரின் பெயர் இல்லை, அமைச்சரின் படம் இருந்தது. அதுகூட அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

முதல் தவணை பணம் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வீடு பள்ளத் தெருவில், ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி. வெள்ளத்தின் முதல் வாரம் அக்காவையும் மாமாவையும் தன் வீட்டில் வைத்திருந்தார். எட்டாம் நாள், "துணி அங்க கிடக்கு, நான் இங்க உட்கார்ந்து என்ன பண்ண?" என்று அக்கா கிளம்பிவிட்டாள்.

அக்கா தையல்காரி. முன்னறையில் மூன்று மோட்டார் மிஷின்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை வருடாவருடம் அவளிடம்தான் வரும். பேராசிரியர் உள்ளே நுழைந்தபோது அறை ஈரச்சுண்ணாம்பு வாசம் அடித்தது. சுவரில் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே சுவர் உப்பி, தொட்டால் உதிர்ந்தது. மூன்று மிஷின்களும் மூலையில் சேறு காய்ந்த மோட்டாரோடு நின்றன. அக்கா நடுவில் உட்கார்ந்து கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. மீட்டர் வாத்தியாரே வந்துட்டாரா?" என்றாள், தலை நிமிராமல்.

மாமா முன்னாள் லாரி ஓட்டுநர். நாற்பது வருடம் லாரி சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்; இன்னும் அந்த அளவிலேயே பேசுவார். "மாப்ள, ஒரு சந்தேகம். நீ படிச்சவன், நீ சொல்லு. உங்க அக்கா தண்ணிக்குள்ள மூழ்கி மிஷின் ஓட்டினாளாமே, உனக்குத் தெரியுமா?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"நான் சொல்லலைப்பா, மின்வாரியம் சொல்லுது." ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். "பணம்தான் வரல. இதாவது வந்துச்சே."

பேராசிரியர் ரசீதை வாங்கிப் பார்த்தார். வெள்ளம் வந்த மாதத்துக்கு அக்கா வீடு செலவு செய்த மின்சாரம், அதற்கு முந்தைய மாதம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. மூன்று வாரம் தெருவுக்கே மின்சாரம் இல்லை. ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் 'உ' தெரிந்தது.

"அது என்ன 'உ'? பிள்ளையார் சுழியா?" என்று கேட்டார் மாமா.

அது உத்தேசம். வீடு பூட்டியிருந்தாலோ உள்ளே போக முடியாவிட்டாலோ, மீட்டர் பார்க்கிறவர் முந்தைய மாதங்களின் சராசரியைப் போட்டுவிட்டுப் போவார். இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவுக்குள் எந்த ஊழியர் மீட்டர் பார்க்கப் போயிருப்பார்? எந்த வீட்டில் தண்ணீர் அதிகமோ, அந்த வீட்டுக்குத்தான் உத்தேசக் கணக்கு. கணினியைப் பொறுத்தவரை அந்த வீட்டில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, மூன்று மோட்டாரும் ஓடின. வெள்ளமே வரவில்லை.

"மேட்டுத் தெரு டாக்டரம்மாவுக்கு வந்திருக்காம்," என்றாள் அக்கா. "அந்தம்மா ரவிக்கை குடுக்க வந்தப்ப சொன்னாங்க. மகன் வீட்டுக்கு ஒன்றரை மாசம் போயிருந்தாங்களாம். திரும்பி வந்து பார்த்தா பாங்க்ல பணம். 'யாரு போட்டதுன்னே தெரியல'ன்னு சிரிக்கிறாங்க. அவங்க வீட்டுப் படியில ஒரு சொட்டு ஏறல."

பூட்டிக்கிடந்த வீட்டில் மீட்டர் வாசலில் இருந்திருக்கும். ஊழியர் பார்த்து எழுதியிருப்பார். மின்சாரம் பாதிக்கும் கீழே. நிவாரணம்.

முப்பது வருடம் வகுப்பில் நின்று, 'எண்ணைப் பார்த்தவுடன் நம்பாதே, அதை எழுதின கை எதுன்னு கேள்' என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். தன் யோசனையைக் கட்டுரையில் எழுதியபோது அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

"அக்கா, இது என் தப்பு," என்றார்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். "தப்பு யாருதுன்னு அப்புறம் பேசலாம். அடுத்த திங்கள் விட்டு அதுக்கடுத்த திங்கள் பள்ளிக்கூடம் திறக்குது. நூத்தி எண்பது சட்டை. மோட்டார் மூணையும் பிரிச்சு புதுக் கம்பி சுத்தணும்ங்கிறான் கடைக்காரன், முன்பணம் இல்லாம தொட மாட்டேங்கிறான். தைச்சுக் குடுக்கலைன்னா வேலை வேற கைக்குப் போயிரும். போனா திரும்பி வராது. இந்த வீட்டுல அது ஒண்ணுதான் வரும்படி. லிஸ்ட்ட எப்ப மூடறாங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"அப்ப எழுந்திரு. உட்கார்ந்து மூஞ்சிய தொங்கப் போடாத."

புதன்கிழமை காலையில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனார். பள்ளத் தெருப் பக்கம் மீட்டர் பார்க்கிறவர் ஒல்லியான மனிதர், கால் முழுக்க சேற்றுப்புண்ணுக்கு மருந்து தடவியிருந்தார். கேட்டவுடனே பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டு வீடு சார். எல்லாத்துக்கும் 'உ' போட்டிருக்கேன். இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு மீட்டர் பார்க்கச் சொல்றீங்களா?"

"இல்லைங்க, நீங்க செஞ்சது சரிதான். இந்தப் பக்கத்தோட நகல் கிடைக்குமா?"

"தாராளமா எடுத்துக்கங்க. நான் அப்பவே எங்க ஆபீசர்கிட்ட சொன்னேன், இந்த வீடெல்லாம் கணக்குல வராதுன்னு. 'பேராசிரியர் சொன்ன முறை, அதுல கை வைக்கக்கூடாது'ன்னுட்டார்."

பேராசிரியருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் நகல் கையில் வந்ததும் கொஞ்சம் தெம்பும் வந்தது. தீர்வு சுலபம். வெள்ளம் வந்த வார்டுகளில் 'உ' போட்ட வீடுகளை எல்லாம் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஆயிற்று. அரை நாள் வேலை.

அன்று மதியமே அமைச்சரின் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அவரிடமே படித்தவர் அல்ல என்றாலும், அப்படிப் படித்தவர் மாதிரி எழுந்து நின்று கும்பிட்டார். குளிரூட்டிய அறை. சுவரில் அந்தச் சுவரொட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு. செயலாளர் நகலை வாங்கிப் பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரலால் ஒற்றி இரண்டு வீட்டுக்குச் சராசரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார்."

"அப்ப இன்னைக்கே செஞ்சிடலாமா?"

"சரியா இருக்கிறதனாலதான் சார் செய்ய முடியாது." செயலாளர் உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரித்தான் இருந்தது. "இப்ப இந்த நானூத்திப் பன்னெண்டைச் சேர்த்தா, முதல் லிஸ்ட் தப்புன்னு ஆயிடும். தப்புன்னு ஆனா எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? திங்கட்கிழமை சபை கூடுது. அமைச்சர் எழுந்து 'குறையே இல்லாத முறை'ன்னு பேசப்போறார். அச்சடிச்சாச்சு."

"பேச்சு அச்சடிச்சாச்சுன்னு நானூறு குடும்பம் ஈரத் தரையில படுக்கணுமா?"

"கோபப்படாதீங்க சார். அடுத்த தடவை இந்த ஓட்டையை அடைச்சிடலாம்."

"அடுத்த வெள்ளத்திலயா?"

செயலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்தார். "உங்க அக்கா அந்தத் தெருவுலதான் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க கதவு எண்ணை மட்டும் குடுத்துட்டுப் போங்க. ஒரு பேரைச் சேர்க்கிறது பெரிய விஷயம் இல்ல. தட்டச்சுப் பிழைன்னு போட்டுக்கலாம். நீங்களும் இந்த வெள்ளிக்கிழமை, முறை நல்லா வேலை செஞ்சுதுன்னு ரெண்டு வரி..."

பேராசிரியர் எழுந்துவிட்டார். உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. "எங்க அக்காவுக்கு அப்படி ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். படியிறங்கும்போது தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை எதிர்க்கட்சிக் கொறடா தொலைபேசியில் வந்தார். சேதி எப்படிப் போனதோ, மின்வாரியத்திலும் அவர்களுக்கு ஆள் இருக்கும்.

"பேராசிரியரே! அருமையான சமாச்சாரம் வச்சிருக்கீங்களாமே!"

"அருமை எல்லாம் இல்லைங்க. நானூத்திப் பன்னெண்டு வீடு விட்டுப் போயிருக்கு. நீங்க இன்னைக்கே ஒரு அறிக்கை விட்டா அழுத்தம் வரும். சனிக்கிழமைக்குள்ள சேர்த்திடுவாங்க."

"சனிக்கிழமை சேர்த்துட்டா, திங்கட்கிழமை சபையில நாங்க என்னத்தைப் பேசறது?"

"என்னது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. மூணே நாள். திங்கட்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காம இருங்க. நாங்க அவையைக் கிழிச்சுத் தொங்க விடறோம். அந்த ஜனங்களுக்கு நல்லது பண்ணத்தானே சொல்றேன்? நாலஞ்சு பொம்பளைங்களை, குழந்தை குட்டியோட, பார்வையாளர் மாடத்துல உட்கார வைக்கணும். உங்க அக்கா வருவாங்களா? தையல்காரின்னாங்க. நல்லா எடுபடும்."

பேராசிரியர் போனை வைத்துவிட்டார். குளியலறைக்குப் போய் முகம் கழுவினார். கழுவின பிறகும் காதுக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது. விரலை விட்டுக் குடைந்தார். ஒருவனுக்கு இந்தத் தெரு இல்லாமல் இருக்கவேண்டும், இன்னொருவனுக்கு இந்தத் தெரு இப்படியே இருக்கவேண்டும். இரண்டில் எது கேவலம் என்று யோசித்துப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று மாலையே கட்டுரையை எழுதி அனுப்பினார். சுற்றி வளைக்கவில்லை. 'தவறு என்னுடையது' என்றுதான் தொடங்கினார். உத்தேசக் கணக்கு என்றால் என்ன, பூட்டிய வீட்டுக்கு ஏன் பணம் போனது, மூழ்கிய வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். கடைசிப் பத்தியில், 'உ' போட்ட வீடுகளைச் சேர்த்தால் அரை நாளில் முடிந்துவிடும், முறையைக் கைவிட வேண்டாம், சனிக்கிழமைக்குள் செய்யுங்கள் என்று எழுதினார். கட்டுரையின் உயிரே அந்தப் பத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை நாளிதழைப் பிரித்தார். ஆறாம் பக்கத்தில் கட்டுரை இல்லை. முதல் பக்கத்தில் இருந்தது. 'நிவாரணத்தில் மோசடி: ஒப்புக்கொண்டார் நிபுணர்' என்று கட்டைவிரல் பருமன் எழுத்தில் தலைப்பு. அவருடைய பத்து வருடத்துக்கு முந்தைய படம், ஏதோ போலீஸ் நிலையத்தில் எடுத்த மாதிரி. கட்டுரையின் கடைசிப் பத்தியைக் காணோம். அந்த இடத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் சுற்றுப்பயணத்தை வரவேற்று ஒரு விளம்பரம்.

நாளிதழ் ஆசிரியருக்குப் போன் போட்டார். "மோசடின்னு நான் எங்க எழுதினேன்?"

"தலைப்பு எங்க வேலை, கட்டுரை உங்க வேலை. பதினோரு வருஷமா அப்படித்தானே?" ஆசிரியர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"கடைசிப் பத்தி எங்கே? சரிபண்ற வழி அதுலதானே இருந்துச்சு?"

"விளம்பரம் கடைசி நேரத்துல வந்துச்சு சார். எதையாவது வெட்டணுமில்ல? சண்டை இருக்கிற பகுதியை வெட்டினா எவன் படிப்பான்? ஆனா ஒண்ணு சொல்றேன், பதினோரு வருஷத்துல முதல் தடவையா உங்க கட்டுரை முதல் பக்கம். வாழ்த்துகள்."

சனிக்கிழமை காலையில் ஆளும் கட்சியின் நாளிதழ் பதில் சொன்னது. 'விலைபோன நிபுணர்'. அதே பழைய படம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகப் பயன்படுத்திக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பேராசிரியர் இரண்டு தாளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். முன்னறையில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அக்காவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கையால் முடிகிற வேலையை முடித்து வைக்கலாம் என்று கூப்பிட்டிருந்தாள்.

நடந்ததையெல்லாம் சொன்னார். செயலாளர் அறையில் எழுந்து வந்ததையும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "என்னன்னு சொன்னே?"

"எங்க அக்காவுக்கு வேண்டாம்னேன்."

"என்னைக் கேட்டியா?"

"அக்கா, அது லஞ்சம். ஒருத்தர் பேரை மட்டும்..."

"லஞ்சமோ வெங்காயமோ, என் பேரை எடுத்து வேண்டாம்னு சொல்ல நீ யாருடா? என் தரை ஈரமா, உன் தரை ஈரமா? என் மோட்டார் போச்சா, உன் மோட்டார் போச்சா? உனக்குக் குமட்டிச்சு, எழுந்து வந்துட்டே. வீட்டுக்குப் போய் காய்ஞ்ச மெத்தையில படுத்துக்கிட்டே. எனக்குக் குமட்டலையா? எழுந்து எங்க போவேன் நான்?"

மாமா கூரையைப் பார்த்தார். அவள் சொன்னதில் மறுக்க ஒரு எழுத்து இல்லை.

"நீ என்ன பண்ணியிருக்கணும் தெரியுமா?" என்றாள் அக்கா. "சரின்னு கதவு எண்ணைக் குடுத்திருக்கணும். ஒரு எண் இல்ல. நானூத்திப் பன்னெண்டையும். போடு போனை. அந்த ஆளுக்குப் போடு. சத்தமா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடு."

"என்ன பேசப்போறே?"

"போடுன்னா போடு."

போட்டார். செயலாளர் எடுத்ததும் அக்கா போனை வாங்கித் தையல் மேசைமேல் வைத்தாள். பெண்கள் சுற்றி வந்து குனிந்தார்கள்.

"ஐயா, வணக்கம். நான் பேராசிரியரோட அக்கா. தம்பிக்கு உலகம் தெரியாது, உங்ககிட்ட மரியாதை இல்லாம எழுந்து வந்துட்டான். என் பேரைச் சேர்க்கிறேன்னு சொன்னீங்களாமே, ரொம்ப நல்ல மனசு."

"அதனால என்னம்மா," என்றது செயலாளரின் குரல், நிம்மதியோடு. "கதவு எண் சொல்லுங்க, இப்பவே போட்டுடறேன்."

"சொல்றேன். ஆனா ஒரு சின்ன விஷயம். எனக்கு மட்டும் வந்தா பக்கத்து வீட்டுக்காரி, 'உனக்கு எப்படிடீ வந்துச்சு'ன்னு கேப்பா. அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

"தட்டச்சுப் பிழைன்னு சொல்லுங்கம்மா."

"எதிர்வீட்டுக்காரிக்கு?"

"அம்மா, அதை வெளிய சொல்லாம இருந்துட்டா..."

"எப்படிங்கய்யா சொல்லாம இருக்க? பக்கத்து வீட்டுக்காரி, எதிர்வீட்டுக்காரி, மூலை வீட்டுக்காரி எல்லாம் இங்கதான் குனிஞ்சு நிக்கிறாங்க. நீங்க பேசினது எல்லாருக்கும் கேட்டுது. கோடி வீட்டுப் பொண்ணு அதை அப்படியே புடிச்சும் வச்சிருக்கா, போன்ல."

கோடி வீட்டுப் பெண் தன் போனை உயர்த்திக் காட்டினாள், அவர் பார்க்க முடியாது என்பதை மறந்து.

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. "இது... இதை யாருக்கும் அனுப்பிடாதீங்கம்மா."

"எதுக்கு அனுப்பப் போறோம்? எதிர்க்கட்சிக் கொறடா திங்கட்கிழமை பேச ஏதாவது வேணும்னு கேட்டாராம். நாங்க குடுக்கலை. எங்களுக்கு உங்க சண்டை வேண்டாங்கய்யா. நானூத்திப் பன்னெண்டு கதவு எண்ணும் தம்பி குடுத்த தாள்ல இருக்கு. பிழைன்னு போடுவீங்களோ, பிச்சைன்னு போடுவீங்களோ, உங்க இஷ்டம். சாயங்காலத்துக்குள்ள போடுங்க."

அக்கா போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். நூல் இரண்டு தடவை காதைத் தப்பியது. மூன்றாவது தடவை மூலை வீட்டுக்காரி வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அரசாணை வந்தது. அதில் 'உ' என்ற எழுத்து எங்கும் இல்லை. விடுபட்டது என்ற சொல்லும் இல்லை. வெள்ளப் பகுதியைக் கனிவோடு பார்வையிட்ட அமைச்சர், தாமாகவே மனமிரங்கி, பள்ளத் தெரு சுற்றுவட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சிறப்புக் கருணை நிவாரணம் அறிவித்திருக்கிறாராம். ஏற்கெனவே வழங்கப்பட்ட நிவாரணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாதாம். வங்கிக்கு அனுப்பமாட்டார்கள். திங்கட்கிழமை காலை, சபை கூடுவதற்கு முன்னால், விளையாட்டு மைதானத்தில் அமைச்சர் தம் கையாலேயே கொடுப்பார். வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும்.

"அமைச்சர் எப்பப்பா நம்ம தெருவைப் பார்த்தாரு?" என்றார் மாமா. "எட்டாம் நாள்லேருந்து நான் இங்கயேதானே இருந்தேன். ஒருவேளை தண்ணிக்கு அடியில போனாரோ?"

ஞாயிற்றுக்கிழமை கொறடா அறிக்கை விட்டார். எதிர்க்கட்சியின் இடைவிடாத போராட்டத்துக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி இது. மேட்டுத் தெரு டாக்டர் வீட்டுப் பணத்தைப் பற்றி இரண்டு பக்கமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு மாலை அக்கா, மின்சார ரசீதையும் அடையாள அட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தம்பியின் மடியில் வைத்தாள். "காலையில மிதி மிஷின் ஒண்ணு வாடகைக்கு வருது. ஒரு நாள் உட்கார்ந்தா முப்பது சட்டை. மாமாவுக்கு முழங்கால் நிக்காது. நீ போய் வாங்கிட்டு வா."

"நானா? அக்கா, பத்திரிகைக்காரங்க எல்லாம் இருப்பாங்க. அமைச்சர் கையால நான் போய்..."

அக்கா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் பையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மைதானத்தில் பத்தரை மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. மேடைக்கு மட்டும் பந்தல். வரிசையில் முந்நூற்றுச் சொச்சம் பெண்களுக்கும் கொஞ்சம் கிழவர்களுக்கும் நடுவில், சலவைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாகப் பேராசிரியர் நின்றார். அமைச்சர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, அரை மணி நேரம் பேசினார். பேச்சில் கண்ணீர் வந்தது, துடைக்கிற கையும் வந்தது. பேராசிரியரிடம் அந்தப் பேச்சு கோப்பில் இருக்கிறது, நாலு வருடத்துக்கு முந்தைய தேதியில், வேறொரு வாயிலிருந்து வெட்டி ஒட்டியது. வெயிலோ அதுவோ, அவருக்கு வாய் கசந்தது. பக்கத்தில் நின்ற மூலை வீட்டுக்காரி தண்ணீர் புட்டியை நீட்டினாள். "குடிங்க. அண்ணாந்து குடிங்க, சட்டை நனைஞ்சிடும்."

அவருடைய முறை வந்தது. மேடையில் செயலாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் செயலாளர் பெயரை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் வாசித்தார். அமைச்சர் உறையைக் கொடுக்கக் கையை நீட்டியவர், முகத்தைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். வாயெல்லாம் பல்.

"அட, நம்ம பேராசிரியரு! பார்த்தீங்களா, நம்மளைத் திட்டினவருக்கும் குடுக்கிறோம். இதுதான்யா நம்ம ஆட்சி!" ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். புகைப்படக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். கட்டுரையை வெட்டிய நாளிதழின் ஆளும் இருந்தார், விலைபோனவர் என்று எழுதிய நாளிதழின் ஆளும் இருந்தார்.

"இது எங்க அக்காவுக்கு," என்றார் பேராசிரியர். ஒலிபெருக்கி அவர் பக்கம் இல்லை.

உறையை வாங்கினார். உறை முழுக்க அமைச்சரின் முகம், மூலையில் சின்னதாக அரசு முத்திரை. அதை மடித்துப் பைக்குள் போடப்போனார்.

"சார், சார், உள்ள வைக்காதீங்க!" என்று கத்தினார் ஒரு புகைப்படக்காரர். "கையிலயே பிடிங்க. கொஞ்சம் மேல. உங்க விரலு அமைச்சர் மூக்கை மறைக்குது."

அந்த மூக்கின் மேலேயே விரலை அழுத்தி, உறையோடு கிழித்துப் போடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊரே அதைப் பேசும். காலையிலிருந்து மிதி மிஷினில் காலை உதைத்துக்கொண்டிருக்கிறவள் மட்டும் ஒன்றும் பேசமாட்டாள்.

பேராசிரியர் விரலை நகர்த்திக்கொண்டு உறையை நெஞ்சுவரை உயர்த்திப் பிடித்தார். நாலைந்து முறை வெளிச்சம் அடித்தது.

"எடுத்தாச்சுல்ல? நகருங்க," என்று பின்னாலிருந்து மூலை வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். "மோட்டார் கடைக்காரன் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிருவான். ஓடுங்க."

அவர் ஓடினார்.